ஒன்பது மணிக்கு எட்டு இடம்

அத்தியாயம் 6

புது அலுவலகத்துக்கு வந்து இரண்டு வாரம் ஆகியும் பெட்டிகளில் பாதி பிரிக்கப்படாமல் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. துப்பறிவாளர் தன் பூதக்கண்ணாடியைத் தேடி ஐந்தாவது பெட்டிக்குள் தலையை விட்டிருந்தார். அந்தக் கண்ணாடி இதுவரை கண்டுபிடித்தது செய்தித்தாளின் பொடி எழுத்தை மட்டும்தான். ஆனாலும் அது கையில் இல்லாமல் அவர் எந்த வழக்குக்கும் கிளம்புவதில்லை. கொள்கை.

“தந்தி! தூக்கி எறிஞ்சிட்டியா?”

உதவியாளருக்கு அவர் வைத்த பெயர் அது. எதையும் நாலு வார்த்தைக்கு மேல் செலவழித்துச் சொல்லமாட்டாள் என்பதால் வந்தது. மிச்சமாகும் வார்த்தைகளை அவர் செலவழித்தார்.

“எறியச் சொன்னதைத்தான் எறிஞ்சேன் பாஸ்.”

“என்னென்ன?”

“மூணுகால் நாற்காலி. உங்க பாராட்டு விழா பேனர். பரண்ல முணுமுணுத்துட்டே கிடந்த பழைய கம்ப்யூட்டர்.”

“அந்தத் தூசி மெஷினா? நல்ல காரியம். எதுக்கு ஓடுதுன்னே தெரியாம மூணு வருஷமா ஓடிட்டிருந்தது. நான்தானே பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன்? சில சமயம் என் முடிவெடுக்கும் வேகம் எனக்கே ஆச்சரியமா இருக்கு.”

பூதக்கண்ணாடி அவருடைய கோட்டுப் பையிலேயே இருந்தது. அதையும் தந்திதான் கண்டுபிடித்தாள்.

*

எட்டு மணி பத்து நிமிடத்துக்கு அவர்கள் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் நாலாவது மாடியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். லிஃப்ட்டில் ‘பழுது’ என்று அட்டை தொங்கியது. கதவைத் திறந்த மனிதரின் நீலச் சட்டையில் ஒரு லிஃப்ட் கம்பெனியின் பெயர் பின்னப்பட்டிருந்தது.

“நீங்க லிஃப்ட் மெக்கானிக்?” என்றார் துப்பறிவாளர், பெரிய கண்டுபிடிப்பை வெளியிடும் குரலில்.

“ஆமா சார். போன்லயே சொன்னேனே.”

“அப்ப உங்க கட்டடத்து லிஃப்ட்?”

“அது வேற கம்பெனி லிஃப்ட் சார். நான் தொடக்கூடாதுன்னு குடியிருப்போர் சங்கத்துல விதி.”

துப்பறிவாளர் தன் விசிட்டிங் கார்டை நீட்டினார். அதில் பெயருக்குக் கீழே நாலு வரிக்குப் பட்டங்கள் இருந்தன. இரண்டாவது வரிக்கும் மூன்றாவது வரிக்கும் ஒரே அர்த்தம். மெக்கானிக் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“உங்க ஸ்டிக்கரைப் பார்த்துதான் சார் கூப்பிட்டேன். அது எங்க இருந்ததுன்னா...”

“புகழுக்கு இடம் ஏதுங்க!” என்று கையை உயர்த்தினார் துப்பறிவாளர். “எந்தச் சுவர்ல ஒட்டினாலும் பேசும்.”

“சுவர்ல இல்ல சார், அது வந்து...”

“நேரா விஷயத்துக்கு வாங்க.”

மெக்கானிக் வந்தார். ஸ்டிக்கர் அங்கேயே நின்றுவிட்டது.

விஷயம் உள்ளறையில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தது. மெக்கானிக்கின் மனைவி ஒரு வெள்ளைச் சட்டைக்குக் கையால் காஜா போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பொத்தான் துளையையும் சுற்றித் தைத்து முடித்ததும், அதைப் பார்க்காமல் கட்டைவிரலால் தடவினார்.

“இடது கண்ணு போன வருஷமே போயிடுச்சு” என்றார் அவர், யாருடைய கண்ணைப் பற்றியோ சொல்வதுபோல. “இப்ப வலதுல நேர்கோடெல்லாம் வளைஞ்சு தெரியுது. நேரா தைச்சேனா, பாம்பு மாதிரி தைச்சேனான்னு விரலைத்தான் கேட்கணும். ரெண்டு வாரத்துக்குள்ள சிகிச்சை எடுத்தா இருக்கிறது நிக்கும், போனது திரும்பாதுன்னு டாக்டர் சொன்னாரு.”

“எடுக்க வேண்டியதுதானே?”

“அதுக்கு இந்தப் பெட்டி விடணுமே” என்று மெக்கானிக் அலமாரி மேல் சிமிட்டிக்கொண்டிருந்த ரூட்டரைக் காட்டினார். “அந்தச் சிகிச்சை இருக்கிறது ஒரே ஆஸ்பத்திரிலதான். தினம் காலையில ஒன்பது மணிக்கு அவங்க இணையப் பக்கத்துல எட்டு இடம் திறக்கும். பதினஞ்சு செகண்ட்ல முடிஞ்சிடும். பேரு பதியிறது ஒரு பக்கம், இடம் பார்க்கிறது இன்னொரு பக்கம், உறுதி பண்றது மூணாவது பக்கம். எங்க வீட்ல ஒவ்வொண்ணும் திறக்கிறதுக்குள்ள ஊரே எடுத்துட்டுப் போயிடுது. பதிமூணு நாள் தோத்தாச்சு சார். இன்னிக்குப் பதினாலு.”

“நேர்ல போய்க் கேட்கலாமே?” என்றாள் தந்தி.

“போனேம்மா. கவுண்டருக்கு முன்னால நிக்கிறேன். இணையத்துல வாங்கன்னாரு.”

“போன்ல?”

“இந்த வீட்டுக்குள்ள சிக்னல் கிடையாது. மொட்டைமாடிக்குப் போனா பாதிப் பக்கம் வரும். பட்டன் இருக்கிற பாதி வராது.”

“பக்கத்து வீடு?”

“கட்டடம் பூரா, நாப்பத்திரண்டு வீட்லயும் இதே கதைதான். பதிமூணு நாளா. இணையக் கம்பெனிக்குப் பதினோரு தடவை போன் போட்டேன். லைன் அருமையா இருக்குங்கிறாங்க.”

துப்பறிவாளர் பூதக்கண்ணாடியை எடுத்து ரூட்டரின் பச்சை விளக்கை உற்றுப் பார்த்தார். அது பெரிதாகத் தெரிந்தது. பச்சையாகவும் தெரிந்தது.

“கட்டடம் பூரா. ஒரே நாளில் ஆரம்பம்” என்று முணுமுணுத்தார். “உள்ளிருந்து ஒரு கை! யாரோ இந்த இணைப்பைத் திருடி உறிஞ்சுகிறார்கள். யார் சங்கத்தின் செயலாளர்?”

*

தந்தி அதற்குள் மேஜையிலிருந்த கணினியின் முன் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

அந்த வீட்டில் இதுவரை யாரும் திறக்காத ஏதோ ஒரு நூலகத்தின் பக்கத்தைத் தட்டினாள். வெள்ளைத் திரை. பத்து நொடி. சட்டென்று முழுப் பக்கமும் வந்து விழுந்தது. மூடிவிட்டு மறுபடி திறந்தாள். கண் இமைப்பதற்குள் வந்தது. வேறொரு புதுப் பெயர்: பத்து நொடி. மறுபடி: உடனே. மூன்றாவது பெயர்: பத்து நொடி.

“பாஸ், திருட்டு இல்ல.”

“அதை நான் சொல்லணும்.”

“எப்பவும் சரியா பத்து. ஒன்பது இல்ல, பதினொண்ணு இல்ல. எந்தத் திருடன் இவ்வளவு ஒழுங்கு?”

மெக்கானிக் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். “லிஃப்ட்ல இது உண்டும்மா” என்றார் தயங்கி. “கதவு திறந்தா ஆளுக்காகக் காத்திருக்கும். ஆள் வந்து ஏறிட்டா அஞ்சு செகண்ட், ஆறு செகண்ட்னு எப்ப வேணும்னாலும் மூடும். யாருமே வரலைன்னாதான் சரியா பத்து. அது காத்திருக்கிற முழு நேரம்.”

தந்தி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணில் மரியாதை தெரிந்தது. துப்பறிவாளர் மூன்று ஆண்டாகப் பார்த்திராத மரியாதை.

“அதேதான். நாம பேரைத் தட்டறோம். ரூட்டருக்குப் பேரு புரியாது, நம்பர்தான் வேணும். பேருக்கு நம்பர் சொல்ற ஒருத்தர்கிட்ட ஓடிப்போய்க் கேட்கும். டி.என்.எஸ்.னு சொல்லுவாங்க. பதில் வந்தா கொஞ்ச நேரம் ஞாபகம் வச்சுக்கும், அதனாலதான் ரெண்டாவது தடவை வேகம். ஆனா இந்த ரூட்டர் முதல்ல போய்த் தட்டற கதவுல ஆளே இல்ல. பத்து செகண்ட் நின்னுட்டு, அப்புறம் அடுத்த கதவுக்குப் போகுது.”

அவள் வாழ்நாளில் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அன்றுதான்.

“ஆஸ்பத்திரிப் பக்கத்தை முன்னாடியே திறந்து வச்சுக்கிட்டா?” என்றார் மனைவி உள்ளறையிலிருந்து.

“அந்த நம்பரை அரை நிமிஷத்துல மறந்துடணும்னு ஆஸ்பத்திரியே சொல்லி வச்சிருக்குக்கா. மூணு பக்கத்துக்கும் தனித்தனிப் பேரு. மூணு பத்து.”

“முப்பது” என்றார் அவர். “பதினஞ்சுல முடியற விஷயத்துக்கு.”

“ரூட்டருக்குள்ள போய் முதல் கதவை எடுத்துட்டாப் போதும். பாஸ்வேர்டு?”

“தெரியலையேம்மா” என்றார் மெக்கானிக். “மூணு வருஷம் முன்னாடி சங்கத்துல ஏற்பாடு பண்ணி யாரோ ஒரு ஆள் வந்து எல்லா வீட்லயும் ஏதோ மாத்திட்டுப் போனாரு. எழுதி...”

“சங்கம்!” துப்பறிவாளர் தொடையில் தட்டினார். “கேட்டாயா தந்தி? நான் அப்பவே சொல்லலை? செயலாளரைக் கூப்பிடுங்க. எல்லாரும் ஹாலுக்கு வரணும். குற்றவாளியை நான் எல்லார் முன்னாலயும்தான் வெளிப்படுத்துவேன். அதுதான் முறை.”

“பாஸ், மணி எட்டு நாப்பத்தாறு.”

“நாலு நிமிஷம் போதும்.”

*

அவருடைய நாலு நிமிடங்களைப் பற்றித் தந்திக்குத் தெரியும். போன வழக்கில் குற்றவாளியே தூங்கிப்போனான்.

செயலாளர் சங்கக் கோப்போடு வந்தார். வீட்டைவிட்டு வெளியே எங்கே போனாலும் அந்தக் கோப்பு அவரோடு போகும். மெக்கானிக் நாற்காலி போட்டார். மனைவி காஜாச் சட்டையோடு வந்து ஓரமாக உட்கார்ந்தார். “மணி என்னங்க?” என்றார் கணவரிடம். சுவர்க் கடிகாரத்தின் முள்ளும் அவருக்கு வளைந்துதான் தெரிந்தது.

“எட்டு நாப்பத்தொன்பது.”

கூட்டம் கூடினால் துப்பறிவாளரின் தமிழ் மாறிவிடும். பேச்சு வழக்கைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மேடைக்கு ஏறிவிடுவார்.

“இந்த இல்லத்தில் ஒரு களவு நிகழ்ந்திருக்கிறது! பறிபோனது பொன்னல்ல, பொருளல்ல. நேரம்! ஓர் அப்பாவிப் பெண்மணியின் விலைமதிப்பற்ற நேரம், நொடி நொடியாகக் கொள்ளை போயிருக்கிறது!”

“யாரு எடுத்தது?” என்றார் மனைவி.

“வருகிறேன் அம்மா. முதலில் என் முறையியலைச் சிறிது விளக்கிவிடுகிறேன்.”

விளக்கினார். அதில் அவருடைய இளமைப் பருவம் வந்தது. தொலைந்துபோன ஒரு நாயும் அதை அவர் கண்டுபிடித்த விதமும் வந்தன. அது தானாகவே வீடு திரும்பியது என்ற பகுதி வரவில்லை.

தந்தி மெல்ல எழுந்து மெக்கானிக் பக்கம் சாய்ந்தாள். “பாஸ்வேர்டு எழுதின்னு ஏதோ சொன்னீங்களே?”

“ஆமாம்மா, ரூட்டருக்கு அடியில. அந்த ஸ்டிக்கர்லதான்.”

“எந்த ஸ்டிக்கர்?”

“அதான், உங்க ஸ்டிக்கர்.”

தந்தி அலமாரிக்குப் போனாள். ரூட்டரைத் தலைகீழாகத் திருப்பினாள்.

அடியில், தூசிக்குள், ஒரு மீசை அவளைப் பார்த்தது. தெரிந்த மீசை. அதற்குக் கீழே நாலு வரிப் பட்டங்கள், பாஸ்வேர்டு, தொலைபேசி எண், கடைசியாகக் கொட்டை எழுத்தில் ஒரு வாக்கு: ‘உங்கள் இல்லத்துக்கு வரும் ஒவ்வொரு பெயரையும் என் அலுவலகக் கணினி சோதித்த பின்பே உள்ளே விடும். நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள்.’

பரண். முணுமுணுப்பு. அவள் கையாலேயே பிடுங்கிய பிளக்.

“பாஸ்.”

“குறுக்கிடாதே. ஆகவே, இந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு கம்பியையும் அறிந்தவர் யார்? சாவி யாரிடம்? கோப்பு யாரிடம்?”

“பாஸ், மணி எட்டு அம்பத்திநாலு. முக்கியமான விஷயம்.”

“முக்கியமானது இதோ வருகிறது!” துப்பறிவாளரின் ஆட்காட்டி விரல் ஹாலை ஒரு சுற்றுச் சுற்றி, செயலாளரின் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றது. “மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஆளை ஏவி, நாற்பத்திரண்டு வீடுகளின் ரூட்டரிலும் கைவைக்கச் சொன்னவர் நீங்கள்தானே?”

“ஆமா” என்றார் செயலாளர்.

துப்பறிவாளர் ஒரு கணம் தடுமாறினார். அவருடைய அனுபவத்தில் யாரும் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதில்லை. “யார் அந்த ஆள்? யாருடைய கைக்கூலி?”

செயலாளர் கோப்பைத் திறந்து, தீர்மானம் எண் பதினேழை எடுத்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, ஒரு கடிதத்தை நீட்டினார். “உங்க ஆளு சார். நீங்கதானே சங்கப் பொதுக்குழுவுல வந்து ஒரு மணி நேரம் பேசினீங்க? கணினிப் பாதுகாப்புக் கவசம்னு? கேட்டு அசந்துபோய்த்தான் எல்லாரும் கை தூக்கினோம். இதோ உங்க கையெழுத்து. எனக்கு உங்களைப் பார்த்ததும் அடையாளம் தெரிஞ்சுது. உங்களுக்குத்தான் தெரியலை.”

துப்பறிவாளர் கடிதத்தைப் பார்த்தார். பிறகு தந்தி திருப்பிப் பிடித்திருந்த ரூட்டரைப் பார்த்தார். பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை.

“பரண்ல...” என்றார்.

“ஆமா பாஸ்.”

“அதுதானா?”

“அதேதான் பாஸ்.”

நீட்டிய விரலை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அது கொஞ்ச நேரம் காற்றில் நின்றது. பிறகு தானாக மடங்கிக்கொண்டது.

“மணி என்னங்க?” என்றார் மனைவி.

“எட்டு அம்பத்தேழு” என்றார் மெக்கானிக். அவர் யாரையும் பார்க்கவில்லை.

*

தந்தி கணினிக்கு ஓடினாள். பாஸ்வேர்டை அடித்தாள். கதவு திறந்தது. முதல் வரியில் பழைய அலுவலகத்தின் எண். அழித்தாள். சேமித்தாள்.

திரையில் ஒரு வாசகம் வந்தது. மாற்றம் அமலாக ரூட்டர் அணைந்து மறுபடி தொடங்க வேண்டும். இரண்டு நிமிடம் ஆகலாம். சம்மதமா?

மணி எட்டு ஐம்பத்தெட்டு, பத்து நொடி.

“அணைச்சா ஒன்பதை ஒட்டி வரும்” என்றாள் தந்தி. “கொஞ்சம் தள்ளியும் வரலாம். அணைக்கலைன்னா பழைய மாதிரி முப்பது செகண்ட்.”

எல்லோரும் துப்பறிவாளரைப் பார்த்தார்கள். பழக்கதோஷம். அவர் மெக்கானிக்கின் மனைவி பக்கம் கையைக் காட்டினார்.

“முப்பதுல பதிமூணு நாள் தோத்தாச்சு” என்றார் மனைவி. “அணைங்கம்மா.”

தந்தி அணைத்தாள்.

ரூட்டரின் விளக்குகள் எல்லாம் போயின. பிறகு ஒன்று மட்டும் சிவப்பாக எரிந்தது. மெக்கானிக் அதன் முன்னால் போய் நின்றார், கீழ்த்தளத்தில் லிஃப்டுக்காக நிற்பவரைப் போல. செயலாளர் கோப்பை மூடினார்.

சிவப்பு எரிந்துகொண்டிருந்தபோதுதான் தந்திக்கு உறைத்தது. ரூட்டரை விட்டுவிட்டு, பெயர் கேட்கும் கதவைக் கணினியிலேயே மாற்றியிருக்கலாம். அணைக்க வேண்டியதே இல்லை. இருபது நொடி வேலை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவளிடம் மிச்சமிருந்த வார்த்தைகளில் அது ஒன்றாகச் சேர்ந்தது.

சுவர்க் கடிகாரம் ஒன்பது அடித்தது. ஒவ்வொரு அடியும் நிதானமாக, அவசரமே இல்லாமல்.

விளக்கு ஆரஞ்சானது. ஆரஞ்சாகவே இருந்தது.

“வா... வா...” என்றார் மெக்கானிக் அதனிடம்.

பச்சை. ஒன்பது மணி, பத்தொன்பது நொடி.

தந்தி ஆஸ்பத்திரியின் பெயரைத் தட்டினாள். விசையிலிருந்து கையை எடுப்பதற்குள் பக்கம் வந்தது. பேர் பதியும் பக்கம், ஒரு தட்டு. இடம் பார்க்கும் பக்கம், ஒரு தட்டு. பதினாலு நாளில் முதல் தடவையாக அந்த வீட்டில் இணையம் பறந்தது.

‘இன்றைய எட்டு இடங்களும் நிரம்பிவிட்டன.’

மெக்கானிக் குனிந்து மறுபடி ஒரு முறை அழுத்தினார். நிரம்பிவிட்டன. இன்னொரு முறை. நிரம்பிவிட்டன. எத்தனை முறை கேட்டாலும் ‘இல்லை’ என்ற பதில் காக்க வைக்காமல் உடனே உடனே வந்தது.

“போதுங்க” என்றார் மனைவி. “அதுக்குத் தெரிஞ்சதைத்தானே சொல்லும்.”

அவர் எழுந்து, மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டு, துப்பறிவாளர் பக்கம் திரும்பினார். அவர் முகம் இருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் இடதுபுறமாகப் பார்த்துப் பேசினார்.

“நாளைக்கும் இதே வேகம் இருக்கும்ல சார்?”

எந்தக் கேள்விக்கும் முன்னுரை, விளக்கம், முடிவுரையோடு பதில் சொல்பவர், “இருக்கும்மா” என்றார்.

“அப்ப சரி. வேகம் இருக்கும். நாளைக்குக் கண்ணு இருக்கணும்.”

அவர் உள்ளறைக்குப் போனார். சட்டையில் இன்னும் மூன்று காஜாவும் கீழ்மடிப்புத் தையலும் பாக்கி இருந்தன.

மெக்கானிக் அவர்களை வாசல்வரை வந்து வழியனுப்பினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் துப்பறிவாளருக்குத் தாங்கிக்கொள்ளச் சுலபமாக இருந்திருக்கும். “படி பார்த்து இறங்குங்க சார். மூணாவது மாடியில விளக்கு இல்ல” என்று மட்டும் சொன்னார்.

கதவு சாத்திக்கொண்டது.

“இன்னும் நாப்பத்தொரு வீடு” என்றாள் தந்தி.

“ஒவ்வொரு வீட்லயும் நான்தான்னு சொல்லணுமா?”

“ஸ்டிக்கர்ல உங்க மீசை இருக்கு பாஸ். சொல்லாட்டியும் தெரியும்.”

எதிர்வீட்டு வாசலில் நின்றார்கள். துப்பறிவாளர் வழக்கப்படி கோட்டுப் பையிலிருந்து விசிட்டிங் கார்டை எடுத்தார். நாலு வரியையும் ஒருமுறை படித்தார். திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார். மணியை அழுத்தினார்.

பின்னால், மூடிய கதவுக்கு அந்தப்பக்கம், தையல் மெஷின் ஓடத் தொடங்கியது. நின்றது. ஒரு விரல் தையலைத் தடவிப் பார்க்கும் நேரம் அமைதி. மறுபடி ஓடியது.

எதிர்வீட்டுக் கதவு திறக்கவில்லை. தந்தி பழக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எவ்வளவு?” என்றார் துப்பறிவாளர்.

“பத்து” என்றாள். “சரியா பத்து பாஸ்.”